தாழ்த்திய காரின் ஆயில் சேம்பருக்கு அடித்தகடு: கண்மாய்க் கரைச் சாலையில் அடிபட்ட ஒரு செடான் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியாத நிலையில், ஆயில் சேம்பரில், அதாவது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், விழுந்த ஓர் அடி இன்ஜினைப் பழுதின் விளிம்புவரை கொண்டு சென்ற நிகழ்வு இது. சேம்பர் உடைந்தால் ஆயில் தரையில் கொட்டும், கண்ணுக்குத் தெரியும், வண்டியை நிறுத்திவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் குட்டை ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்திய கார் வைத்திருக்கும் பலர் நம் பக்கத்துச் சாலைகளில் ஓட்டுகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கே பொய்க்கிறது என்பதையும், அதற்காகச் சேம்பரின் கீழே காப்பாகப் பொருத்திய அடித்தகட்டை எந்தக் கணக்கில் வடிவமைத்தோம் என்பதையும் விரிவாகப் பதிவு செய்வதே இதன் நோக்கம். காரைக்குடியில் உள்ள ஒரு பட்டறையில் ஆய்வும் வேலையும் நடந்தன. உரிமையாளரின் சம்மதத்துடன், அவர் பெயரும் வண்டியின் தயாரிப்பும் தவிர்த்து எழுதுகிறேன்.

வண்டியும் அதன் உயரமும்

நடுத்தர அளவுள்ள, முன்சக்கர இயக்கம் கொண்ட பெட்ரோல் செடான். வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையேயான தூரம்) 2600 மி.மீ.; தொழிற்சாலை தரும் தரை இடைவெளி 165 மி.மீ. உரிமையாளர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் இளைஞர். பூர்வீக வீடு கானாடுகாத்தான் பக்கம். கோயம்புத்தூரிலேயே வண்டிக்கு 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் போட்டிருந்தார். இந்த வண்டியில் மிகத் தாழ்வான இடம் ஆயில் சேம்பர் அன்று, நடுவில் ஓடும் சைலன்சர் குழாய்தான். சேம்பரின் அடிப்பகுதி தொழிற்சாலை நிலையில் தரையிலிருந்து 178 மி.மீ. உயரத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதும், தாழ்த்திய பின் 138 மி.மீ. என்பதும் பட்டறைக் குழியான பிட்டின் மேல் வைத்து அளந்தபோது தெரிந்தன.

ஆனால் இந்த அளவுகள் எல்லாம் ஆளில்லாத வண்டிக்கு உரியவை. முன்னால் இருவர், பின்னால் மூவர், டிக்கியில் பித்தளை விளக்கும் எவர்சில்வர் அடுக்கும் தாம்பாளமும் பூசைச் சாமான்களும் என்று ஏற்றிய பிறகு முன்பக்கம் இன்னும் 25 மி.மீ. இறங்கியது. அப்படியானால் சேம்பருக்கும் தரைக்கும் நடுவே எஞ்சியது 113 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்குபவர் காலி வண்டியின் உயரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். நம் ஊரில் கார் காலியாகப் போவது அரிது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இருக்கும் குடும்பங்கள் திருமணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் கும்பாபிஷேகத்துக்கும் ஊருக்கு வரும்போது, ஆச்சி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒரே வண்டியில்தான் ஏறுகிறார்கள்.

நடந்தது

மாசி மகா சிவராத்திரிக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வந்தவர், குலதெய்வக் கோவிலுக்குக் கண்மாய்க் கரையை ஒட்டிச் செல்லும் கிராவல் சாலையில் போயிருக்கிறார். போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, வெள்ளைக் கோடு போடாத ஒரு வேகத்தடையில் வண்டியின் அடி உரசியது. அதற்குப் பிறகு கிராவல் சாலையில் எங்கோ ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டதாக ஆச்சி சொன்னது உரிமையாளருக்குப் பின்னால்தான் நினைவுக்கு வந்தது. கோவிலில் இறங்கிக் குனிந்து பார்த்தார், கசிவு இல்லை. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார். ஆயில் அளவு சரியாக இருந்தது. டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரியவே இல்லை. திரும்பும் வழியில் ஒரு மெக்கானிக்கும் பார்த்துவிட்டு, கசிவில்லை, பயமில்லை என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை வண்டியை ஸ்டார்ட் செய்தபோது சில விநாடிகள் டேப்பெட் சத்தம் (வால்வுகளை இயக்கும் பாகங்கள் ஆயில் போதாமல் தட்டும் ஒலி) கேட்டு அடங்கியது. பிறகு திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக வேகத்தைக் கூட்டியபோது, இன்ஜினின் மேற்பகுதியிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சத்தம் நின்றது. அவர் அங்கிருந்தே திரும்பி, மெதுவாகக் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தார். அன்று அவர் கோயம்புத்தூர்வரை ஓட்டாமல் திரும்பியதுதான் இந்த இன்ஜின் பிழைத்ததற்கு முதற்காரணம்.

சோதனையில் தெரிந்தவை

முதலில் ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பிரஷரை முள்ளால் காட்டும் மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தினோம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில்) 1.2 பார் காட்டியது. இது குறை சொல்ல முடியாத அளவு. 2000 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) அளவில் 1.8 பார் வரை ஏறியது. 2500-ஐத் தாண்டியதும், ஏற வேண்டிய முள் நடுங்கிக்கொண்டே 1 பாருக்குக் கீழே இறங்கியது. பம்ப் தேய்ந்திருந்தால் ஐடிலிலேயே பிரஷர் குறைந்திருக்கும். பேரிங் தேய்ந்திருந்தாலும் அப்படியே. ஐடிலில் சரியாக இருந்து, வேகம் ஏற ஏறக் குறைந்து, முள் நடுங்குகிறது என்றால், பம்புக்கு வேண்டிய ஆயில் வந்து சேரவில்லை, அது காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது என்று பொருள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் காலை ஸ்டார்ட்டில் கேட்ட டேப்பெட் சத்தத்துக்கும் இதே விளக்கம் பொருந்துகிறது.

சிவப்பு விளக்கு ஏன் எரியவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அந்த ஸ்விட்ச், பிரஷர் ஏறத்தாழ 0.2 முதல் 0.5 பாருக்குக் கீழே விழுந்தால்தான் விளக்கை எரிய விடுகிறது. 3000 ஆர்பிஎம்மில் 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 1 பார் மட்டுமே இருந்தாலும், விளக்கைப் பொறுத்தவரை எல்லாம் நலமே. அதை ஆயில் அளவு காட்டும் விளக்கு என்று பலர் எண்ணுவதும், அது எரியும்வரை ஓட்டலாம் என்று கொள்வதும் இந்த வகைப் பழுதில் இன்ஜினைக் காவு வாங்கும்.

சேம்பரை இறக்கினோம். இந்த வண்டியில் சேம்பர் ஏறத்தாழ 1.5 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகட்டை அழுத்தி உருவாக்கியது. அலுமினிய வார்ப்புச் சேம்பராக இருந்திருந்தால் அதே அடியில் விரிசல் விட்டு ஆயில் கொட்டியிருக்கும். எஃகு விரியாமல் உள்நோக்கி மடங்கியது. அந்த மடிப்பின் உச்சி, ஆயிலை உறிஞ்சும் ஸ்டிரெய்னரின் ஒரு பக்க விளிம்பில் போய் ஒட்டியிருந்தது. சேம்பரின் தரைக்கும் ஸ்டிரெய்னருக்கும் நடுவே வழக்கமாகச் சில மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே விடப்பட்டிருக்கும். ஆயில் குறைந்தாலும் கடைசிவரை உறிஞ்ச வேண்டும் என்பதற்காக அப்படி. ஸ்டிரெய்னரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பியபோது, கறுத்த ஆயில் படலத்தின் நடுவே, விளிம்பில் பாதி வட்டத்துக்கு நகம் கீறியது போலப் பளிச்சென்ற ஒரு பிறைத் தடம் தெரிந்தது. இன்ஜினின் அதிர்வில் இரண்டு உலோகமும் உரசிய தடம் அது. மறுபாதியில் சிறிது வழி இருந்ததால்தான் ஐடிலுக்கு வேண்டிய ஆயில் போய்க்கொண்டிருந்தது.

டிப் ஸ்டிக் சரியாகக் காட்டியதில் வியப்பில்லை. சேம்பர் உள்ளே மடங்கினால் அதன் கொள்ளளவு குறைகிறது, ஆயில் மட்டம் துளி உயரத்தான் செய்யும். ஆகவே அடிபட்ட பிறகு டிப் ஸ்டிக்கையும் கசிவையும் மட்டும் பார்த்து வண்டியைத் தேறியதாகக் கொள்ளக் கூடாது. சேம்பரின் அடியில் புதிதாக ஒரு குழி தெரிந்தால், ஆயில் சொட்டினாலும் சொட்டாவிட்டாலும் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவதுதான் முறை. சொட்டினால் சோப்பையோ எம்-சீலையோ தடவி ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதும் வேண்டாம். அவை நிறுத்தி வைத்த வண்டியில் ஆயிலைப் பிடித்து வைக்க உதவலாம், ஓடும் இன்ஜினுக்கு அல்ல.

ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்த்தோம், மினுமினுப்பு இல்லை. ஒரு கனெக்டிங் ராடு மூடியையும் ஒரு மெயின் மூடியையும் திறந்து பேரிங் ஓடுகளைப் பார்த்தோம். மேற்பரப்பு மங்கலாக, கீறலின்றி இருந்தது. புதிய சேம்பர், புதிய ஸ்டிரெய்னர், புதிய ஃபில்டர், புதிய ஆயில் போட்டு, சிலிக்கான் கேஸ்கெட் காயும் நேரத்தை முழுதாக விட்டு, எம்6 போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் 10 நியூட்டன் மீட்டர் அளவில் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கினோம். கேஜ் மீண்டும் பொருத்திப் பார்த்தபோது வேகம் ஏற ஏறப் பிரஷரும் சீராக ஏறியது.

அடித்தது எது

உரிமையாளர் வேகத்தடையைத்தான் குற்றம் சொன்னார். கழற்றிய சேம்பரும் வண்டியின் அடிப்பகுதியும் வேறு சொன்னன. வேகத்தடை உரசினால் தடம் அகலமாக, ஆழமில்லாமல், தார் கறுப்போடு இருக்கும். அப்படிப்பட்ட தடம் இருக்கத்தான் செய்தது, ஆனால் அது நடுவில் ஓடும் சைலன்சர் குழாயிலும் அதன் இணைப்புத் தட்டிலும் மட்டுமே இருந்தது. சேம்பரில் இருந்ததோ கட்டைவிரல் அகலத்தில் முன்னிருந்து பின்னாக ஓடிய ஒரே பள்ளம். அதன் அடியில் செம்மண் பொடி அப்பியிருந்தது, தார் இல்லை. அதாவது ஒரு கல்.

அந்தச் சாலையைப் போய்ப் பார்த்தோம். கண்மாயிலிருந்து வண்டலும் சவடும் ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் அதில்தான் ஓடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கிராவலில் அவற்றின் சக்கரங்கள் இரண்டு தடங்களைப் பதித்துவிடுகின்றன. தை, மாசியில் அவை காய்ந்து இறுகிவிடுகின்றன. நடுவில் மேடு நிற்கிறது. நாங்கள் அளந்த இடத்தில் தடத்தின் ஆழம் 9 முதல் 10 செ.மீ. கார் அந்தத் தடத்தில் இறங்கினால் சேம்பருக்கும் நடு மேட்டுக்கும் இடையே எஞ்சுவது ஒரு செ.மீ. சொச்சம். மேட்டின் மண் மழையில் கரைந்து போக, உள்ளே புதைந்திருந்த செம்புரான் கல் ஒன்றின் முனை மேலே துருத்திக்கொண்டிருந்தது. அதன் தலையில் புதிய உரசல் வெள்ளையாகத் தெரிந்தது. தொழிற்சாலை உயரத்தில் இருந்த வண்டியாக இருந்தால், ஆட்களோடு போனாலும் அந்தக் கல்லுக்கு மேலே கடந்து போயிருக்கும்.

வேகத்தடையையும் அளந்தோம், ஏனென்றால் அடித்தகட்டின் வடிவம் இரண்டு எதிரிகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐஆர்சி:99 வழிகாட்டி சொல்லும் வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வட்ட வில்லாக, 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கும்படி அமைய வேண்டும். இந்த அளவு வண்டிக்கு எவ்வளவு இரக்கமுள்ளது என்பதை எளிய கணக்கிலேயே காணலாம். 2600 மி.மீ. வீல்பேஸ் உள்ள காரின் நான்கு சக்கரமும் அந்த வில்லின் மேலேயே நிற்கும். நடுவில் வில் உயர்ந்து நிற்பது வீல்பேஸின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 50 மி.மீ. எனவே ஆட்களோடு போகும் தாழ்த்திய கார்கூட உரசாமல் கடந்துவிடும். நாங்கள் அளந்த வேகத்தடையோ 15 செ.மீ. உயரம், அடியகலம் ஒரு மீட்டர். அது முழுவதும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே அடங்கிவிடுவதால், அந்த 15 செ.மீ.யும் அப்படியே வண்டியின் வயிற்றுக்கு வருகிறது. பள்ளிக்கு எதிரில் வேகத்தடை கட்டாயம் வேண்டும்; அது அளவோடு இருந்தால் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, ஆம்புலன்சில் படுத்திருக்கும் நோயாளிக்கும் பாதுகாப்பு.

ஆக, சேம்பரை நெருங்குவது ஒரு புள்ளியில் குத்தும் கல். நடு வயிற்றை நெருங்குவது அகலமாக உரசும் மேடு. முதலாவதற்கு உறுதி வேண்டும், இரண்டாவதற்கு வழுக்கும் வடிவம் வேண்டும்.

தகட்டின் கணக்கு

வண்டியோடு வந்த பிளாஸ்டிக் அடிக்கவர் சேறும் தண்ணீரும் தெறிக்காமல் தடுக்கவும், முன்காற்றை ரேடியேட்டருக்குத் திருப்பவும் உள்ளது. கல்லை அது தடுக்காது. சந்தையில் சேம்பர் கார்டு என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல, 2 அல்லது 3 மி.மீ. தட்டைத் தகட்டை நான்கு மூலையில் துளையிட்டுக் கொடுப்பவை. அவற்றின் போதாமையைக் கணக்கே காட்டும். வண்டிச் சட்டத்தின் குறுக்குத் தாங்கிகளான முன் கிராஸ் மெம்பருக்கும் பின் சப் ஃப்ரேமுக்கும் இடையே 500 மி.மீ. இடைவெளியில் தாங்கப்பட்ட 3 மி.மீ. எம்எஸ் (சாதாரண எஃகு) தகட்டில், 400 மி.மீ. அகலம் சுமையைப் பகிர்வதாகவே கொண்டு, நடுவில் 300 கிலோ எடைக்குச் சமமான விசை கீழிருந்து தள்ளினால் 4 செ.மீ.க்கு மேல் வளைய வேண்டிவரும். தகட்டில் எழும் தகைவு (ஓர் அலகுப் பரப்புக்கு வரும் விசை) சாதாரண எஃகின் நெகிழ்வு எல்லையை இரு மடங்குக்கு மேல் தாண்டிவிடும். அதாவது தகடு நிரந்தரமாக மேலே மடங்கிச் சேம்பரைத் தொட்டுவிடும். முன்சக்கரங்களின் மேல் நிற்கும் எடையில் ஒரு பகுதி அந்தக் கல்லின் மேல் ஏறினாலே 300 கிலோ வந்துவிடும் என்பதால் இது மிகைக் கணக்கு அன்று.

அதே 3 மி.மீ. தகட்டின் இரண்டு ஓரத்தையும் மேல்நோக்கி 25 மி.மீ. மடித்து, சேம்பரின் இருபுறமும் அதே உயரத்தில் இரண்டு விலா எலும்புகளையும் வெல்டு செய்தால், அதே விசைக்கு வளைவு ஒரு மி.மீ. அளவுக்குக் குறைந்து, தகைவும் எல்லைக்குள் நிற்கிறது. கனத்தைக் கூட்டுவதைவிட மடிப்பும் விலாவும் பல மடங்கு பலன் தருகின்றன; எடை ஒரு கிலோ சொச்சம்தான் கூடுகிறது. விலாக்களைச் சேம்பருக்கு நேர் கீழே வைக்க இடமில்லை, பக்கவாட்டில்தான் இருக்க முடியும். அந்தப் பக்கங்களில் சேம்பரின் சரிவு மேலேறுவதால் இடம் கிடைத்தது.

அலுமினியமா எஃகா என்று உரிமையாளருடன் நெடுநேரம் பேசினோம். 600 × 500 மி.மீ. அளவில் 3 மி.மீ. எஃகு 7 கிலோ வரும், 5 மி.மீ. அலுமினியம் 4 கிலோதான் வரும், விறைப்பும் எஃகைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். விறைப்பை மட்டும் ஈடு செய்ய 4.25 மி.மீ. அலுமினியமே போதும். காகிதத்தில் அலுமினியம் வெல்கிறது. ஆனால் கூர்மையான செம்புரான் கல்லில் அலுமினியம் வழுக்காமல் கொழுவிக்கொள்கிறது, பள்ளமாக உழப்படுகிறது. வளைந்துவிட்டால் நம் பக்கத்துப் பட்டறைகள் எல்லாவற்றிலும் நிமிர்த்த ஆள் கிடைக்காது, ஆர்கான் வெல்டிங் வேண்டும். எஃகுத் தகட்டைப் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் உள்ள எந்த வெல்டிங் பட்டறையும் தட்டி நிமிர்த்தித் தந்துவிடும். அதோடு, அலுமினியத் தகடு எஃகு போல்ட்டைத் தொடும் இடத்தில், தொண்டி, ராமேசுவரம் பக்கம் போய்வரும் வண்டிக்கு உப்பு ஈரம் பட்டால், அலுமினியம் அரிக்கத் தொடங்கும். 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. இரு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் மாணவர்கள் பலர் அங்கேயே பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். எஃகையே தேர்ந்தோம். முன்பக்கம் கூடும் 8 கிலோவால் ஸ்பிரிங் இறங்குவது 2 மி.மீ.க்கும் குறைவு.

இடைவெளி என்னும் விலை

இதுவரை சொன்னதைவிட முக்கியமானது இனி வருவது. தகடு சேம்பரைத் தொடாமல் நிற்க வேண்டும். இன்ஜின் தன் மவுண்டுகளில் ஆடும்; கியர் போடும்போதும் குழியில் விழும்போதும் சேம்பர் சில மில்லிமீட்டர் கீழே வரும்; தகடு தன் பங்குக்கு மேலே வளையும். இரண்டும் சந்திக்காமல் இருக்க 15 மி.மீ. இடைவெளி விட்டோம். தகட்டின் கனத்தையும் சேர்த்தால் வண்டியின் அடி 18 மி.மீ. கீழே இறங்குகிறது. 40 மி.மீ. தாழ்த்திய நிலையிலேயே இதைப் பொருத்தினால், காலி வண்டியில் 120, ஆட்களோடு 95 மி.மீ. மட்டுமே எஞ்சும். அந்தக் கண்மாய்க் கரையில் தகடு நடு மேட்டில் உட்கார்ந்து, சக்கரம் அந்தரத்தில் சுற்றும். இடைவெளியைக் குறைத்து உயரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர், தகடு வாங்கும் அடியை நேரே சேம்பருக்குக் கடத்துகிறார்.

“அப்போ ஸ்பிரிங்க மாத்தாம பிளேட் மட்டும் போட முடியாதாண்ணே?” என்று உரிமையாளர் கேட்டார்.

“போட்டா இப்ப இருக்குறதவிட ரெண்டு சென்டிமீட்டர் கீழ வந்துரும் தம்பி. ஆச்சி, அப்பச்சிய ஏத்திக்கிட்டு அந்தக் கரையில போக முடியாது” என்றார் தலைமை மெக்கானிக்.

தொழிற்சாலை ஸ்பிரிங்குக்கே திரும்ப வேண்டும் என்பதே என் கருத்தாக இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. விபத்து நேர்ந்து இழப்பீடு கோரும்போது தாழ்த்திய சஸ்பென்ஷன் கேள்விக்கு உள்ளாகலாம். தவிர, பழைய ஷாக் அப்சார்பரோடு குட்டை ஸ்பிரிங் சேரும்போது, ஸ்பிரிங் முழுதாக இறங்கும்போது தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் சீக்கிரம் முட்டி, அடியெல்லாம் பாடிக்கு வருகிறது. உரிமையாளர் முழுதாக இசையவில்லை, 20 மி.மீ. மட்டும் தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு ஒப்புக்கொண்டார். இப்போது சேம்பர் 158 மி.மீ. உயரத்திலும், தகட்டின் அடி 140 மி.மீ. உயரத்திலும் நிற்கின்றன. முன்பு காப்பில்லாத சேம்பர் இருந்த உயரத்தில் இன்று தகடு இருக்கிறது. பள்ளத் தடத்தில் ஆட்களோடு இறங்கினாலும் மேட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. கல் குத்தினாலும் அது முதலில் எஃகைத்தான் சந்திக்கும்.

பொருத்திய விதம்

தகட்டின் சுமை முழுவதும் முன் கிராஸ் மெம்பருக்கும் பின் சப் ஃப்ரேமுக்கும் போக வேண்டும். சேம்பர் போல்ட்டிலோ கியர்பாக்ஸ் உடலிலோ தகட்டை மாட்டும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அப்படி மாட்டினால் கல்லின் அடி சேம்பருக்குப் பதில் கியர்பாக்ஸ் கூட்டை உடைக்கும், இன்ஜின் அதிர்வும் தகட்டில் ஒலிக்கும். மோதலின்போது மடங்க வேண்டிய முன் பம்பர் தாங்கிகளைப் பின்பகுதியோடு தகட்டால் இறுகப் பிணைத்துவிடக் கூடாது என்பதற்காக, முன் துளைகளை நீள்துளைகளாக வெட்டினோம்.

முன்விளிம்பைப் படகின் முனைபோல மேலே வளைத்தோம். பின்விளிம்பையும் சிறிது வளைத்தோம். இந்தப் பின்விளிம்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் ஊர்ப் பெரிய வீடுகள் மேடைமேல் நிற்பவை. கார் ஷெட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும் சாய்தளத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது, நேராக வெட்டிய பின்விளிம்பு சிமென்ட்டில் மாட்டித் தகட்டையே பிய்த்துவிடும். போல்ட் தலைகள் அனைத்தும் குழிக்குள் அமர்ந்தவை, பூட்டு நட்டுகள் நைலான் உள்ளவை. டிரெய்ன் போல்ட்டுக்கு நேரே ஒரு துளை, ஃபில்டருக்கு ஒரு துளை, இரண்டுக்கும் ரப்பர் மூடி. இது இல்லாவிட்டால் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்ற வேண்டும், கழற்றச் சலித்துப்போன மெக்கானிக் கழற்றாமலே விட்டுவிடும் அபாயமும் உண்டு. பிளாஸ்டிக் கவரின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டோம். 40 டிகிரி வெயிலில் ஏசி ஓடும் வண்டிக்கு ரேடியேட்டர் காற்று குறையக் கூடாது. தகட்டில் பின்நோக்கித் திறக்கும் காற்றுப் பிளவுகளையும் வெட்டினோம்.

அறுவடைக் காலத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது, இதை அழுத்திச் சொல்கிறேன். நம் கிராமச் சாலைகளில் உளுந்துச் செடியையும் கதிரையும் வண்டிகள் ஏறி அடிக்கட்டும் என்று பரப்பி வைப்பது வழக்கம். அந்தத் தாள், தகட்டின் மேலே ஏறித் தங்கிவிட்டால், பக்கத்தில் சூடாக இருக்கும் சைலன்சர் குழாயில் பட்டுத் தீப்பற்றக்கூடும். குழாயிலிருந்து தகடு 25 மி.மீ. தள்ளியே நிற்கும்படி வெட்டினோம். கதிர் பரப்பிய சாலையில் போய்வந்தால் அன்றே குனிந்து பார்த்து, தாளை இழுத்தெடுக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். செம்மண்ணும் அப்படியே, தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே சேறு அடைத்துக் காய்ந்தால், விட்ட 15 மி.மீ. இடைவெளி இல்லாமல் போய், அடி நேராகச் சேம்பருக்கு ஏறும். சர்வீசில் தண்ணீர்ப் பீச்சலைக் காற்றுப் பிளவு வழியாகவும் அடிக்க வேண்டும்.

பின் நிலவரம்

ஆடி மாதம் குடும்பத்தோடு மீண்டும் ஊருக்கு வந்தபோது, வண்டியைப் பிட்டில் ஏற்றித் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். முன் வளைவில் பெயின்ட் உரிந்து நீளவாக்கில் கீறல்கள். நடுவில் ஒரு சிறு குழி, ஆழம் ஒரு மி.மீ. அளவு. சேம்பரில் எந்தத் தடமும் இல்லை. கேஜில் பிரஷர் சீராக ஏறியது. பின்பக்க நட்டு ஒன்று சற்றுத் தளர்ந்திருந்ததால் புதியது போட்டோம். உரிந்த இடங்களில் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயின்ட் அடித்தோம்.

தகட்டின் வேலை சப் ஃப்ரேமோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் வரும் சைலன்சர் இணைப்புத் தட்டில் தார் உரசல் இம்முறையும் புதிதாக இருந்தது, அதன் ஒரு போல்ட் தலை பாதி தேய்ந்திருந்தது. 20 மி.மீ. உயர்த்திய பிறகும் அந்த 15 செ.மீ. வேகத்தடையை இந்த வண்டி நேராகக் கடக்க முடியாது. ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி சாய்வாகக் கடப்பது மட்டுமே இப்போதைக்கு வழி. இணைப்புத் தட்டைக் குழாயின் பக்கவாட்டுக்குத் திருப்பி வெல்டு செய்தால் 12 மி.மீ. உயரம் மிஞ்சும் என்று அளந்து வைத்திருக்கிறோம்; அடுத்த வருகையில் அந்த வேலை நடக்கும்.